காசு படாத இடம்

அத்தியாயம் 9

ஜாவாவில் சோலோ நகரத்துத் துணிச் சந்தையில் பாத்திக் துணி விற்கும் குந்தாரிக்கு முதுகெலும்பில் பழுது என்று செய்தி வந்தபோது, சந்தையில் பாதிப் பேர் நம்பவில்லை. இருபத்தெட்டு வருடமாக எவருடைய பேரத்துக்கும் வளையாத முதுகு அது. உபயோகிக்காத சாமான் எப்படித் தேயும் என்று கேட்டார்கள்.

முதலில் புகார் சொன்னது முதுகு இல்லை, கால். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நாள், கடையிலிருந்து தேநீர்க்காரி வரைக்கும் போய்விட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் குந்தாரி பார்த்தாள்: இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. எதிர்க்கடைக்காரி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "என்ன இபு குந்தாரி, சிண்டரெல்லாவா?" என்று கேட்டாள். குந்தாரியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு அன்று மத்தியானமே கடையைக் கட்டினாள். அவள் மத்தியானத்தில் கடை கட்டியது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை. மகள் வெனிங் பிறந்த அன்று.

டாக்டர் மனுருங் படத்தைப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு, கீழே இருப்பதன் மேலிருந்து முன்பக்கமாக நழுவியிருக்கிறது. நடுவில் நரம்பு நசுங்குகிறது. நான்கு திருகாணி, இரண்டு கம்பி போட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்ட வைக்க வேண்டும். கூட வந்திருந்த கணவர் பார்கியோ தையல் மெஷின் மெக்கானிக். "திருகாணி தளர்ந்துபோனா?" என்று அவர் கேட்ட கேள்வி டாக்டருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "திருகாணி சும்மா காவலுக்கு. எலும்பு தானா ஒட்டற வரைக்கும்தான் அதுக்கு வேலை" என்றார்.

மனுருங் செமாராங்கிலிருந்து மாதம் இரண்டு தடவைதான் வருவார். நாளைக்கு, புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, அவர் கத்தி எடுக்கும் முதல் ஆள் குந்தாரி. இதைத் தவறவிட்டால் நோன்பு மாதம், லெபரான் பண்டிகை எல்லாம் தாண்டி இரண்டரை மாதம் கழித்துத்தான் அடுத்த இடம்.

"அதுவரைக்கும் கால் காத்திருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. சளி, காய்ச்சல், இருமல், எது இருந்தாலும் கத்தி வைக்க மாட்டேன். உடம்பைப் பத்திரமாப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதில்தான் வினை.

*

செவ்வாய்க்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வெனிங் கஞ்சி வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தாள்.

"பாக்னே, கதவைச் சாத்துங்க" என்றாள் குந்தாரி.

பாக்னே என்றால் பிள்ளையின் அப்பா. அவர் அவளைக் கூப்பிடுவது புனே, பிள்ளையின் அம்மா. மகளும், மரியாதைக்கு ஊராரும், கூப்பிடுவது பாப்பாக் அல்லது பாக், இபு; மகளை அவர்கள் கூப்பிடுவது டுக். கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் ஒருவர் பெயரை ஒருவர் சொன்னது பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்ட அன்று மட்டும்தான்.

"என்ன புனே?"

"உடம்பு சில்லுங்குது. குளிர்ற மாதிரி இருக்கு, தொண்டைல ஏதோ நிக்குது. காத்து உள்ள பூந்துடுச்சு."

"ராத்திரி அந்த ஆஸ்பத்திரி சோப்பைப் போட்டுத் தலையோட குளிச்சே. ஈரத்தோட ஃபேன் அடியில படுத்தே."

"நாலு நாள் அதுலதான் குளிக்கணும்னு எழுதிக் குடுத்தது அவங்க. நான் ஆசைப்பட்டா குளிச்சேன்? காசை எடுங்க."

பார்கியோ நகரவில்லை. "வெனிங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே."

"சொல்லுங்க. அவ அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவா. டாக்டர் தேதியை அடிச்சுடுவார். லெபரானுக்கு அப்புறம் நான் ஒத்தைச் செருப்போட வந்து நிக்கறேன். சந்தோஷமா?" குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "காய்ச்சலா மாறதுக்குள்ள காத்தை வெளிய எடுத்துடணும், பாக்னே. கஞ்சிக்கடைல எத்தனை பேர் நிப்பாங்க?"

"இந்நேரத்துக்குப் பத்துப் பேர்."

"அப்ப இருபது நிமிஷம் இருக்கு."

அவர் அலமாரியைத் திறந்தார். துணிக்கடியில் ஒரு தகர டப்பா. அதற்குள் டச்சுக்காரன் காலத்துப் பெரிய செப்புக் காசு. முந்நூறு வருடம் ஆண்டுவிட்டுப் போனவர்கள் இந்தக் குடும்பத்துக்கு விட்டுப்போன உருப்படியான சொத்து அது ஒன்றுதான். விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கும். குந்தாரியின் அம்மா முதுகில் ஓடியது, பிறகு குந்தாரியின் முதுகில். தலைவலி, வயிற்று உப்புசம், மழையில் நனைந்தது, கடையில் வியாபாரம் படுத்தது, எதுவானாலும் பார்கியோ தைலம் தடவி, அந்தக் காசால் முதுகில் வரிவரியாகத் தேய்ப்பார். ஊர் அதற்கு வைத்திருக்கும் பெயர் கெரோகான். வரி எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று நம்பிக்கை.

அதிகம் பேசத் தெரியாத மனிதர் பார்கியோ. முப்பத்தொரு வருடத்தில் மனைவியிடம் சொல்ல நினைத்ததில் பாதியை அந்த முதுகில்தான் எழுதியிருக்கிறார்.

கழுத்துக்குக் கீழே ஆரம்பித்தார். நடு முதுகின் இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு வரி. அங்கிருந்து விலா எலும்பு வழியே சாய்வாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. தையல் மெஷினைப் பழுது பார்க்கும் கை. வரிகளுக்கு நடுவில் இடைவெளி அளந்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் பழுத்த மிளகாய் நிறத்தில் எழும்பியது.

"அம்மாடி, பாருங்க எவ்வளவு காத்துன்னு" என்று தலையணைக்குள் முனகினாள் குந்தாரி. சாவகாசமாக ஒரு பெரிய ஏப்பம் விட்டாள். "வந்துடுச்சு. கீழ போங்க."

காசு நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க? இடுப்புக்கிட்டதான் காத்து முழுக்க உக்காந்திருக்கு."

"அங்க வேணாம்."

"ஏன் வேணாம்?"

வெளியே இரும்புக் கதவு கிரீச்சிட்டது. பார்கியோ சட்டென்று ரவிக்கையைக் கீழே இழுத்துவிட்டு, காசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

வெனிங் நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஜோக்ஜாவுக்குப் போனவள், அம்மாவுக்காக மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வந்த முதல் நாளே ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தைக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டி, சிவப்புப் பேனாவால் மூன்று வரிகளுக்கு அடியில் கோடு போட்டாள். குனியக் கூடாது. தூக்கக் கூடாது. இடுப்பைத் திருப்பக் கூடாது. மூன்று மாதத்துக்கு.

"இது மூணும் இல்லாம துணி விக்கறது எப்படி? கண்ணாலயே மடிச்சு வைக்கணுமா?" என்று கேட்டாள் குந்தாரி.

இந்தப் பதினைந்து நாளில் வீடே மாறியிருந்தது. கட்டிலின் நான்கு காலுக்கும் கீழே செங்கல் வைத்து உயர்த்தியாயிற்று. சமையலறையில் கீழ்த்தட்டில் இருந்த சட்டியெல்லாம் இடுப்பளவு உயரத்துக்கு ஏறிவிட்டது. கழிப்பறையில் குந்தி உட்கார முடியாது என்பதால், பார்கியோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு, ஓரத்தில் ரப்பர் சுற்றிக் கொடுத்திருந்தார். கீழே விழுந்த பொருளைக் குனியாமல் எடுக்க, குடைக் கம்பியும் பழைய மெஷின் உதிரியும் சேர்த்து நீள இடுக்கி ஒன்று. அதை வைத்து இரண்டு நாளாகக் குந்தாரி அடுத்த வீட்டுக் கோழியை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

கஞ்சி குடித்து முடித்ததும் கடைசி ஒத்திகை. ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கையிலிருந்து எழும் பாடம்.

"முழங்காலை மடக்குங்க, இபு. இப்ப தோளும் இடுப்பும் ஒண்ணா உருளணும். மரக்கட்டை மாதிரி."

"மரக்கட்டைக்கு யாராவது பாடம் எடுப்பாங்களா, டுக்?"

"பேசாதீங்க. உருளுங்க. காலைக் கீழ தொங்கவிட்டு, அதே நேரத்துல கையை ஊணி எழுந்திருங்க. மூச்சு விடுங்க. ம்... ஆறு."

"நேத்து ஏழு குடுத்தியே!"

"நேத்து இடுப்பை முறுக்கல."

"ஏழரை போடு, முடிச்சுக்கலாம்."

"இது கடை இல்ல, இபு." வெனிங் அம்மாவின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கியவள் மூக்கைச் சுருக்கினாள். "என்ன தைல வாசனை?"

வெனிங்கின் பார்வை அப்பாவிடம் போனது.

இந்த இடத்தில் பார்கியோவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்குப் பொய் சொல்ல வராது. ஒரு தடவை குந்தாரிக்குக் காய்ச்சல் என்று கடையில் அரை நாள் உட்கார்ந்தார். ஒரு பெண் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாயம் போகுமா?" என்று கேட்டாள். "போகும்" என்றார். "எத்தனை துவைப்புல?" "மூணாவதுல." அந்தப் பெண் மரியாதையாகத் துணியை மடித்து வைத்துவிட்டுப் போனாள். சந்தை இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. அதற்குப் பிறகு குந்தாரி அவரைக் கடைப் பக்கமே விடுவதில்லை.

இப்போதும் அவர் வாயைத் திறந்தார். "அது வந்து, காலைல..."

"கொசு!" என்றாள் குந்தாரி. "ஒரே கொசுக்கடி. பாக்னே, வண்டி வந்துடுச்சான்னு தெருவுல போய்ப் பாருங்க."

வண்டி வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பார்கியோ போய்த் தெருவில் நின்றார்.

*

ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. நர்ஸ் ராத்ரி கேள்விகளை வாசிக்க, குந்தாரி துறைமுகத்தில் சரக்கைக் காட்டும் வியாபாரி மாதிரி ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். பொய்ப்பல் இல்லை. நகைகளைக் கழற்றியாயிற்று. மூலிகைக் கஷாயம் குடித்துப் பதினைந்து நாள் ஆகிறது. கஷாயக்காரியைத் தெருவுக்குள்ளேயே வரவிடாமல் மகள் விரட்டிவிட்டாள். காய்ச்சல் பார்த்தபோது முப்பத்தேழு புள்ளி இரண்டு.

"சரி இபு, இந்த அங்கியை மாட்டிக்கங்க. பின்பக்கம் திறந்தபடி இருக்கணும். முதுகுத் தோலைப் பார்க்கணும்."

குந்தாரியின் முகம் மாறியதைப் பார்கியோ மட்டும் கவனித்தார்.

"தோலா? தோல் நல்லாத்தான் இருக்கு, சிஸ்டர். என் வயசுக்கு..."

"பார்த்துட்டு எழுதணும் இபு. ரெண்டு நிமிஷம்."

அங்கி விலகியது. ராத்ரியின் கையிலிருந்த பேனா அந்தரத்தில் நின்றது. வெனிங் எட்டிப் பார்த்தாள். கழுத்திலிருந்து கீழே, பெரிய மீனை உரித்து முள்ளோடு வைத்த மாதிரி, இருபத்திரண்டு சிவப்பு வரிகள்.

"இபு!"

"பாய்ல படுத்திருந்தேன். தடம் விழுந்துடுச்சு" என்றாள் குந்தாரி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வீட்டுல பாயே கிடையாது!"

ராத்ரி ஜாவாக்காரிதான். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரிப்பா பயமா என்று தெரியவில்லை. "நான் டாக்டர்கிட்ட சொல்லியாகணும் இபு. நாலு மணிக்கு வருவார். தோல்ல காயம் இருந்தா ஆபரேஷன் இல்லைன்னு எழுதிடுவார். போன மாசம் ஒருத்தருக்குச் சின்னச் சிரங்குக்கே திருப்பி அனுப்பிட்டார்."

நாலு மணி வரைக்கும் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் வெனிங் அறைக்குள் நடந்தாள்.

"பதினஞ்சு நாளா நான் ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துச் செய்யறேன். சோப்பு, கட்டில், நாற்காலி. நீங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு... பாப்பாக், நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன், டுக். என்னைத் தெருவுக்கு அனுப்பிட்டாங்க."

"அவரைத் திட்டாதே. கேட்டது நான்" என்றாள் குந்தாரி. ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குரலில் வழக்கமான காரம் இல்லை. "நீ போன் போட்டுடுவேன்னு பயந்தேன்."

"போட்டிருப்பேன்தான்!"

"அதான்."

வெனிங் நடப்பதை நிறுத்தினாள். அம்மா சொன்ன அந்த ஒரு சொல் அவளை எங்கோ குத்தியது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் அங்கியின் முடிச்சை இறுக்கி, மறுபடி அவிழ்த்து, மறுபடி போட்டாள்.

"லெபரானுக்கு அப்புறம்னா எனக்கு லீவு கிடைக்காது, இபு" என்றாள் மெதுவாக.

"தெரியும்."

"காலும்..."

"தெரியும், டுக்."

*

டாக்டர் மனுருங் ஜாவாக்காரர் இல்லை, பாத்தாக் இனத்தவர். அவர்கள் ரகசியம் பேசினாலும் மூன்று அறைக்குக் கேட்கும். உள்ளே வந்தவர் நேரே முதுகைப் பார்த்தார்.

"அடடா! என் மாமியார் முதுகை இங்க யாரு கொண்டு வந்து வெச்சது?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"இபு, இது என்ன?"

"ஒவ்வாமை, பாக் டாக்டர். இறால் சாப்பிட்டேன்."

"இறால் இவ்வளவு நேர்க்கோடு போடுதா? சரி." மனுருங் திரும்பினார். "பாப்பாக், நீங்க சொல்லுங்க. இது என்ன?"

"கெரோகான், பாக் டாக்டர்" என்றார் பார்கியோ. "காலை அஞ்சே முக்காலுக்கு. நான்தான் போட்டேன். குளிருதுன்னு சொன்னா. காய்ச்சல் வந்தா நீங்க தேதியை அடிச்சுடுவீங்கன்னு பயந்துட்டோம்."

குந்தாரி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வாய் எதையோ முணுமுணுத்தது. மூணாவது துவைப்பு என்று வெனிங்குக்குக் கேட்டது.

"குளிர் வேறயா? ரொம்ப நல்லது." மனுருங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சத்தம் குறைந்துவிட்டது, அதனால் எல்லோருக்கும் பயம் கூடியது. "நான் உள்ள வைக்கப்போறது உலோகம். தோல்ல ஒரு கீறல் இருந்து, அது வழியாக் கிருமி உள்ள போச்சுன்னா, என் திருகாணி மேல போய்க் குடியேறிடும். வாடகைக்கு வந்தவன் மாதிரி இல்ல, காலி பண்ணவே மாட்டான். திரும்பத் திறந்து எல்லாத்தையும் கழட்டணும். அதை நான் உங்களுக்குச் செய்ய மாட்டேன், இபு. நீங்க அழுதாலும் மாட்டேன்."

"நான் எங்க அழுதேன்?" என்றாள் குந்தாரி. தலையணை நனைந்திருந்தது.

அவர் கையுறை மாட்டிக்கொண்டார். விளக்கைக் கிட்டே இழுத்தார். மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலால் அழுத்திக்கொண்டு வந்தார். "கன்றியிருக்கு. தோல் கிழியல. இதுவும் கிழியல. கை நல்ல கை." இடுப்பு வரை வந்தார். அங்கே விரல் நின்றது. மறுபடி மேலே போய், மறுபடி கீழே வந்தார்.

"இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?"

கடைசி வரிக்குக் கீழே, நடு முதுகில், ஒரு சாணுக்கு மேல் நீளத்துக்குத் தோல் சுத்தமாக இருந்தது. ஒரு தைலப் பிசுக்குக்கூட இல்லை. ஓரங்கள் கத்தரியால் வெட்டின மாதிரி நேராக.

"போன மாசம் நீங்க இவளை நிக்க வெச்சு, நகத்தால கோடு இழுத்துக் காட்டினீங்க" என்றார் பார்கியோ. "இங்கிருந்து இதுவரைக்கும் திறப்பேன்னு. அப்ப மனசுல குறிச்சுக்கிட்டேன். அந்த இடம் உங்களோடது. அதுல நான் எப்படிக் காசு வைப்பேன்? ரெண்டு பக்கமும் நாலு விரல் தள்ளி நிறுத்திட்டேன்."

மனுருங் அளந்து பார்த்தார். நாலு விரல் சரியாக இருந்தது.

"கீழ போங்க கீழ போங்கன்னு நான் கத்தினேன்" என்றாள் குந்தாரி, யாரிடம் என்று இல்லாமல். "போகவே இல்ல."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஊதா நிற மார்க்கரை எடுத்து, அந்த வெற்றுத் தோலின் நடுவில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

"ஏழு மணி இல்ல. நாளைக்குக் கடைசி ஆள், பதினோரு மணி. காலை ஆறு மணிக்கு நானே வந்து பாப்பேன். இந்தக் கோட்டுக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு தெரிஞ்சாலும், காய்ச்சல் முப்பத்தேழரையைத் தாண்டினாலும், வீட்டுக்குப் போயிடணும். சரியா?"

குந்தாரியின் கண்கள் திறந்தன. ஈரம் இருந்தது, ஆனால் இது கடைக்காரியின் கண்.

"முப்பத்தெட்டுன்னு வெச்சுக்கலாமே, பாக் டாக்டர்."

"முப்பத்தேழரை."

"வெயில் காலம். உடம்பு சாதாரணமாவே சூடாத்தான் இருக்கும். முப்பத்தேழு புள்ளி எட்டு."

"முப்பத்தேழரை."

"நான் இறங்கி வந்துட்டேன், நீங்க ஏறவே இல்ல. நடுவுல வந்து..."

"இபு, முப்பத்தேழு புள்ளி நாலுன்னு ஆக்கிடவா?"

"முப்பத்தேழரை ரொம்ப நியாயமான விலை" என்றாள் குந்தாரி.

இந்தத் தடவை ராத்ரி சிரித்துவிட்டாள். மனுருங் எழுந்து, கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்கியோவின் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

"காசை எடுங்க."

பார்கியோ சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்கதான் இருக்குன்னு தெரியும். எலும்பு ஒட்டற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும். உங்க கை நல்ல கைதான். ஆனா நடுச் சாமத்துல இவங்க 'பாக்னே'ன்னு ஒரு குரல் குடுத்தா நீங்க மறுக்க மாட்டீங்க. மூணு மாசம் கழிச்சுப் படம் எடுப்பேன். ஒட்டியிருந்தா அன்னிக்கே திருப்பித் தரேன்."

செப்புக் காசு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. அறுபது வருடத்தில் அது அந்தக் குடும்பத்தை விட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை.

"ரசீது?" என்றாள் குந்தாரி படுத்தபடியே.

மனுருங் மருந்துச் சீட்டைக் கிழித்து, நின்றபடியே எழுதினார். பழைய செப்புக் காசு, ஒன்று. நல்ல நிலையில். கையெழுத்து. அதை வாங்கி வாசித்த வெனிங், நாளெல்லாம் வராத சிரிப்பைச் சிரித்துவிட்டு, சீட்டை மடித்து அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

*

மாலைத் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. வெனிங் தொழுதுவிட்டு அப்பாவுக்கு ஏதாவது வாங்கி வருவதாகக் கீழே போனாள். ராத்ரி காய்ச்சல் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். முப்பத்தேழு புள்ளி நாலு.

"மத்தியானம் புள்ளி ரெண்டுதான் இருந்தது" என்றார் பார்கியோ.

"டாக்டரோட கத்தினேன்ல. அந்தச் சூடு." குந்தாரி சுவர்ப் பக்கம் ஒருக்களித்திருந்தாள். "பாக்னே, குளிரலை. நெசமாத்தான் சொல்றேன்."

அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். கைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பையைத் தொட்டார். அது காலி. கடைசியில் போர்வைக்கு அடியில் கையை விட்டு அவளுடைய இடது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சில்லென்று இருந்தது.

"வெளிய கம்பீரமா பேசிட்டேன்" என்றாள் அவள் சுவரிடம். "உள்ள ஒரு பயம் இருக்கு. நாலு திருகாணியும் போட்டு, எலும்பும் ஒட்டி, கால் மட்டும் வராமப் போனா? சந்தைல எல்லார் முன்னாலயும் காலை இழுத்துக்கிட்டு நடக்கணும். ரொம்ப நாள் விட்டுட்டேனோ, பாக்னே?"

அவர் அவளுடைய கால் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் பண்ற மாதிரி பண்ணுங்க. ஒரு விரலைப் பிடிங்க. எந்த விரல்னு நான் சொல்றேன்."

அவர் அவளுடைய கால் பெருவிரலைப் பிடித்தார். தன் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, மெஷினில் திருகாணி இறுக்குகிற மாதிரி அழுத்தினார்.

"பிடிச்சாச்சா?"

"ம்."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு யோசித்தாள். வெகு நேரம் யோசித்தாள்.

"நடு விரல்."

ஜன்னலுக்கு வெளியே தொழுகை அழைப்பு முடிந்திருந்தது. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் தடதடவென்று போனது.

"ஆமா, புனே" என்றார் பார்கியோ. "நடு விரல்தான்."

குந்தாரியின் தோள் தளர்ந்தது. அடக்கி வைத்திருந்த மூச்சு நீளமாக வெளியே வந்தது.

"வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் தூக்கக் கலக்கத்தோடு. "உங்களுக்குத்தான் பொய் சொல்ல வராதே."

காலை ஆறு மணிக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. பார்கியோ அந்தப் பெருவிரலை விடவில்லை.